மூச்சு வைத்த எல்லை

தடுப்பார் எவரும் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதைக் கொண்டே அவனுடைய ஒழுக்கத்தை அளக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். கதவில் பூட்டுத் தொங்கும் வரையில் எல்லோரும் நேர்மையாளர்கள்தாம். பூட்டுக் கழன்று விழுந்த பின்னும் கை நீளாமல் நிற்பவர் எத்தனை பேர்? இக்கேள்வியை நான் நெடுங்காலம் பிறரைப் பற்றிய கேள்வியாகவே எண்ணியிருந்தேன். அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், செம்பரம்பாக்கத்தில் என் வீட்டுத் திண்ணையில், உள்ளங்கை அளவே இருந்த ஒரு வெள்ளைக் கல்லின் வடிவில் அது என்னை நோக்கியே திரும்பியது.

கல் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் பொருந்துமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஏரியின் ஆழத்தில் ஒரு கடல்

என் மகள் வயிற்றுப் பேரன் திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாக வேலை பார்க்கிறான். விடுமுறையில் நண்பர்களுடன் அந்தமானுக்குச் சென்று வந்தான். முன்பு ஹேவ்லாக் என்ற பெயரும், 2018ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு என்ற பெயரும் பெற்ற அத்தீவில், முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்தானாம். அதற்கு 'ஸ்கூபா' என்று பெயர்.

"எவ்வளவு ஆழம் போனாய்?" என்று கேட்டேன்.

"ஏழு மீட்டர், நன்னா. நம் ஏரி நிரம்பி நின்றால் எவ்வளவோ, அவ்வளவு."

செம்பரம்பாக்கத்தில் வாழ்பவருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை. எங்கள் ஏரியின் முழு ஆழம் 24 அடி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுத்துவிட்டால், தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது, "இன்று எத்தனை அடி?" என்பதுதான். ஆதலால் ஏழு மீட்டர் என்றதும் அந்த நீரின் கனம் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் எங்கள் ஏரிநீரில் கையை முழங்கைவரை விட்டால் விரல்கள் மறைந்துபோகும். அவன் கண்ட நீரோ அப்படிப்பட்டதன்று. அடிமணலில் தன் நிழல் விழுவதையும் பார்த்தானாம்.

அவன் சொல்லச் சொல்ல நான் குழந்தையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். மான்கொம்பு போலக் கிளைத்தவை, மனித மூளையின் மடிப்புகளைப் போன்றவை, விரித்த விசிறியைப் போன்றவை என்று பாறைகள் பல வகை. அவற்றின் இடுக்குகளில் கிளிமீன்கள் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கிறதாம். சிவப்பு நிறம் ஆழம் செல்லச் செல்ல முதலில் மங்கிவிடுகிறது. விளக்கை அடித்தால் மட்டும், பழுப்பாகத் தெரிந்தது சட்டென்று செந்நிறமாக எழுகிறது.

கதையெல்லாம் முடிந்த பிறகு, பையைத் திறந்து, கைக்குட்டையில் பொதிந்திருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். வெண்மையாக, நுண்துளைகள் நிறைந்து, விரல் போலக் கிளைத்த ஒரு துண்டு.

"உங்களுக்காக எடுத்துவந்தேன், நன்னா. நான் ஒடிக்கவில்லை. உடைந்து மணலில் கிடந்தது."

எனக்குச் சினம் வந்தது. பவளப்பாறை 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அதற்கும் உண்டு, கிடந்ததாயினும் எடுப்பது குற்றம் என்றெல்லாம் கடிந்துகொண்டேன். சட்டத்தோடு நிற்காமல், "அடுத்தவர் வீட்டிற்குள் போனவன் பொருளோடு திரும்பலாமா?" என்றும் கேட்டுவிட்டேன். பையன் தலைகுனிந்து இருந்தான். சற்று நேரம் கழித்து, வாதுக்காக அன்றி, உண்மையாகவே அறிய விரும்பியவனைப் போல ஒன்று கேட்டான்.

"கீழக்கரையில் உங்கள் பாட்டனார் வீட்டுச் சுவர் முருகைக்கல்லால் கட்டியது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள், நன்னா?"

நான் பதில் சொல்லவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கயிறும் மூச்சும்

என் தாய்வழிப் பாட்டனார் சங்கு குளித்தவர். கீழக்கரை, தூத்துக்குடிக் கடல்களில் பரதவரோடும் பிற மீனவரோடும் நம்மவரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் அது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அவர் தொழிலை விட்டுவிட்டார். காது மட்டும் மந்தமாகவே இருந்தது.

அவர் இறங்கிய விதத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஐந்து பாகம், ஏழு பாகம், சில இடங்களில் அதற்கும் மேல். அடியில் நின்று சங்கைத் தேடிப் பொறுக்கக் கிடைக்கும் காலம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் எங்கள் பாட்டிக்கு உடன்பிறந்தவர். தங்கையின் வாழ்வு தன் கையிலுள்ள கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் அயரமாட்டான் அல்லவா? மலையேறப் போனாலும் மச்சான் உதவி வேண்டும் என்ற பழமொழி கடலில் இறங்குவோருக்கும் பொருந்துவதுதான்.

இன்னொரு செய்தியும் அவர் வாயிலாகக் கேட்டதே. அந்நாளில் சங்கு அரசின் உடைமை. குளித்தெடுத்த சங்குகளை ஓர் அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். வளையத்தில் நுழைந்துவிடும் சிறு சங்கைத் திரும்பவும் கடலில் விட்டுவிட வேண்டும். வளையத்தில் அடங்காத பெரிய சங்குகள் வங்காளத்திற்குச் சென்று வளையல்களாகும். "வளையத்துக்கு மேலும் ஒரு வளையம் உண்டு. அது நம் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சு. அது தீர்ந்தால் ஆசையும் தீர்ந்துவிடும்" என்பார்.

அவர் சொன்னது முழு உண்மை என்று நான் வாதிடமாட்டேன். ஒருவரின் மூச்சு எல்லைதான். ஆயிரமாயிரம் பேரை ஒருசேர இறக்கினால் அந்த எல்லைக்குப் பொருளில்லை. 1905ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில், தமிழரும் அரபியரும் பிறருமாகக் கூடி ஒரே பருவத்தில் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கும் மேல். சில ஆண்டுகளுக்குள் அப்பார்கள் வறண்டுபோயின. நம் கரையில், தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த தொடர் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் இன்றுவரை அரசு முத்துக்குளிப்பு நடத்தும் அளவிற்குப் பார்களில் சிப்பி பெருகவில்லை. சிப்பிகள் குறைந்ததற்குக் கடலின் இயல்பான ஏற்றத்தாழ்வும் காரணம் என்பர் ஆய்வாளர். எனினும், மூச்சை அடக்கி இறங்கிய காலத்திலும் பேராசை வழி தேடிக்கொண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அன்று கடலுக்குள் இறங்கிய ஒவ்வொரு மனிதனும், இறங்கிய ஒவ்வொரு முறையும், தன் எல்லையைத் தன் நெஞ்சிலே சுமந்து சென்றான்.

எல்லையை அகற்றிய கருவி

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், எமில் கன்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினர். அழுத்தி அடைத்த காற்றை முதுகிலுள்ள கலத்திலிருந்து வாய்க்குக் கொண்டுவருவது மட்டும் அதன் வேலையன்று. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடலின்மேல் அழுத்தம் இரு மடங்காகும். அந்த ஆழத்தில் சாதாரணக் குழாய் வழியே மேலுள்ள காற்றை உறிஞ்ச நெஞ்சுக்கு வலிமை போதாது. எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப, உறிஞ்சும் நேரத்தில் மட்டும் காற்றைத் தருவதே அக்கருவியின் நுட்பம். இன்று சுற்றுலாவினர் சுமந்து இறங்கும் கலம் ஒன்றில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று அடங்கும். ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் போதும்.

என் பாட்டனார் ஒரு நாள் முழுதும் இறங்கி ஏறிச் சேர்த்த நேரத்தை, இன்று எந்தப் பழக்கமும் இல்லாத இளைஞன் ஒரே முறையில் அனுபவித்துவிடுகிறான்.

இதில் வியப்பான முரண் ஒன்று உண்டு. சங்கு குளிப்பவரின் முதல் விதி, மூச்சை விடாதே என்பது. காற்றுக் கலத்தோடு இறங்குபவருக்குக் கற்பிக்கும் முதல் விதியோ, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. ஆழத்தில் அழுத்தத்தோடு உள்ளிழுத்த காற்று, மேலே வரும்போது விரியும். அடக்கி வைத்தால் நுரையீரலையே கிழித்துவிடும். பழைய விதி மனிதனுக்கு, உனக்குள்ளது சிறிது என்று கற்பித்தது. புதிய விதி, வேண்டிய மட்டும் வாங்கு, வாங்கியதை விட்டுவிடு என்கிறது.

கருவி வந்ததும் அது இன்பத்திற்கு மட்டுமா பயன்பட்டது? நம் கரையிலேயே, தோணியில் காற்றழுத்தப் பொறியை வைத்து, நீண்ட குழாயை வாயில் கவ்விக்கொண்டு, சங்கு குளிப்போர் நெடுநேரம் அடியில் தங்கிப் பொறுக்கத் தொடங்கினர். முறையான பயிற்சியின்றி ஆழத்தில் தங்கி விரைந்து மேலே வந்தவர்களுக்கு மூட்டுவலியும் கைகால் முடக்கமும் உயிரிழப்பும் நேர்ந்தன. எல்லை கடலுக்கு மட்டும் காப்பாக இருக்கவில்லை. இறங்கியவனுக்கும் அதுவே காப்பாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர்களை இங்கிருந்து பழிப்பது எளிது. மாதந்தோறும் ஓய்வூதியம் பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருப்பவன், அன்றன்று குளித்துக் குடும்பம் காப்பவனுக்கு எல்லையைப் பற்றி உபதேசம் செய்வது அழகன்று. எனவே கேள்வியை அவர்களிடமிருந்து எடுத்துப் பொதுவாக வைப்போம். உடலின் பலவீனம் நம்மைத் தடுத்த வரையில் நாம் அடக்கமாக இருந்தோம். கருவி அந்தப் பலவீனத்தை நீக்கிவிட்டது. தடுப்பது இனி எது?

முருகைக்கல்லின் சாட்சி

இப்போது கல்லுக்கு வருவோம். அது கல்தானா?

பவளம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு. ஆபரணத்தில் பதிக்கும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து வருவது. நம் மன்னார் வளைகுடாவில் பாறையாக வளர்வது வேறு இனம். திருக்குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்து மர்ஜான் என்று ஒன்று கூறப்படுகிறது. அதற்குப் பவளம் என்று பொருள் கொண்டவரும் உண்டு, சிறு முத்து என்று பொருள் கொண்ட விரிவுரையாளரும் உண்டு. எவ்வாறு கொள்ளினும், கடலடியில் கிடப்பவை அங்கே இறைவனின் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டப்படுகின்றன.

பாறையாக வளரும் பவளம் ஓர் உயிரினம். ஊசிமுனை முதல் கட்டைவிரல் வரை பருமனுள்ள மென்மையான சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்குக் கிண்ணங்கள் கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தம் வீட்டாருக்கும் தருகின்றன. வெயில் எட்ட வேண்டியிருப்பதால்தான் அப்பாறைகள் ஆழமற்ற நீரில் வளர்கின்றன. உருண்டு திரண்ட வகை, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு முழ உயரப் பாறை என்பது ஏறத்தாழ ஒரு மனிதனின் அரை ஆயுள். கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளை நம்பிக் கடல் இனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாழ்கிறது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிலும், பெரும்பாலும் ஓரிரு ஆள் ஆழத்திலேயே, 117 வகைப் பவளங்கள் கணக்கிடப்பட்டன. அப்பா தீவு, முள்ளித் தீவு, தலையாரித் தீவு முதலியவை கீழக்கரைக்கு எதிரே உள்ளவை. அங்கிருந்தும் பாம்பன் பக்கத்திலிருந்தும் முருகைக்கல்லை வெட்டித் தோணியில் ஏற்றி வந்தார்கள். சுவருக்குக் கல்லாயிற்று. காளவாயில் சுட்டால் சுண்ணாம்பாயிற்று. பாட்டனார் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடங்களில் பூப்போன்ற வட்டங்கள் தெரியும். சிறுவயதில் அவற்றை விரலால் தடவிக்கொண்டே உறங்கியிருக்கிறேன். கோடையிலும் குளிர்ந்திருக்கும் சுவர் அது. ஒவ்வொரு வட்டமும் ஓர் உயிரின் வீடாக இருந்தது என்பதை அன்று யார் அறிந்தார்கள்?

பேரனின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். பாட்டனார் காலத்தவர் அதைக் கல்லென்றே நம்பினார்கள். அறியாமல் செய்ததற்கும் அறிந்து செய்வதற்கும் வேறுபாடு உண்டு. செயல்களின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் கற்கும் முதற்பாடம்.

ஆனால் இந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏனெனில் நிய்யத்தைப் படைத்தவன் அறிவான். பாறை அறியாது. வீடு கட்டும் தேவைக்காக வெட்டினாலும், வாணிகத்திற்காக வெட்டினாலும், அழகுக்காக ஒடித்தாலும் வெட்டுண்ட பாறைக்கு எல்லாம் ஒன்றே. வீடுகளுக்கென்று தொடங்கியது தொழிற்சாலைகளுக்கென்று பெருகியது. 1970களின் தொடக்கத்தில் அக்கடல்களிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 250 கன மீட்டர் முருகைக்கல் எடுக்கப்படுவதாக ஆய்வாளர் கணக்கிட்டனர். 1986இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் சட்டம் கடுமையாயிற்று. வெட்டுதல் 2005ஆம் ஆண்டு வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள், அலையைத் தடுத்து நின்ற பாறைகளை இழந்த இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தன் நிலத்தின் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது.

ஆகவே பழியையும் பாதிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டனார்மீது பழியில்லை. ஆயினும் அவர் வாழ்ந்த சுவரால் விளைந்த பாதிப்பு உண்டு. பழி அவரோடு போயிற்று. பாதிப்பு பிள்ளைகளாகிய நமக்கு வாரிசுச் சொத்தாக வந்துள்ளது. இறந்தவர் விட்டுச்சென்ற கடனைத் தீர்ப்பது வாரிசுகளின் முதற்கடமை என்று பாகப்பிரிவினைக்கு முன் கூறும் நாம், இந்தக் கடனை மட்டும் கணக்கில் சேர்க்காதிருக்கலாமா?

தொடாதவரும் தொடுகின்றனர்

"ஒரு துண்டுதானே? அதுவும் உயிரற்றது" என்று பேரன் சொல்லவில்லை. ஆனால் அவன் சார்பில் நானே சொல்லிப் பார்த்தேன். உடைந்து கிடக்கும் துண்டும் கடலுக்கு வீணானதன்று. இளம் பவளங்கள் வந்து ஒட்டிக்கொள்ள உறுதியான இடம் வேண்டும். சிதைந்த பாறையே காலப்போக்கில் மணலாகித் தீவுகளின் கரையாகிறது. ஆண்டுதோறும் வரும் பல்லாயிரம் பேரும், ஒரு துண்டுதானே என்று எண்ணினால் என்னவாகும்? ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்பவரும் நீரை மிகையாகச் செலவிடலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆறு குறைந்துவிடும் என்பதற்காகவா அப்படிச் சொன்னார்கள்? குறையாத இடத்தில் பழகிய கைதான் குறையும் இடத்திலும் அடங்கும் என்பதற்காக என்றே நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை நான் நீதிபதியின் இருக்கையில்தான் இருந்தேன். என்னை அதிலிருந்து இறக்கிய செய்தி இனித்தான் வருகிறது.

2016ஆம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவின் நீர் வழக்கத்தைவிடச் சூடேறியது. நீரின் வெப்பம் கோடைக்கால உச்சத்திற்கு மேல் ஓரிரு டிகிரி ஏறி, சில வாரங்கள் அப்படியே நின்றால், பவளங்கள் தமக்குள் குடியிருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறம் போய், வெளுத்து, உணவின்றி வாடுகின்றன. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும். அவ்வாண்டு, உயிருள்ள பவளம் போர்த்தியிருந்த பரப்பு, நூற்றுக்கு 39 என்ற அளவிலிருந்து சில மாதங்களில் 23 அளவிற்குக் குறைந்தது. அதற்கு முன்பு 1998இலும் 2010இலும் இப்படி வெளுத்தன. 2024இல் உலகெங்கும் நான்காவது முறையாகப் பெரும் வெளுப்பு நிகழ்வதாக அறிவிக்கப்பட்டது.

அந்தப் பாறைகளை ஒடித்த கை எது? எந்தக் குளிப்பாளியும் அங்கே இறங்கவில்லை. எந்தச் சுற்றுலாவினனும் துண்டு எடுக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் எல்லோரும் வானத்தில் ஏற்றிய புகையின் சூடு அது. எங்கள் வீட்டு வாசலுக்கு அப்பால் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் வண்டிகளுக்கும், என் அறையில் ஓடும் குளிர்சாதனத்திற்கும் அதில் பங்குண்டு. கடலில் கால் நனைக்காமல் நாற்பது ஆண்டுகளாகச் செம்பரம்பாக்கத்தில் இருக்கும் நானும், ஏழு மீட்டர் ஆழத்தில் ஒரு துண்டை எடுத்தவனும் ஒரே வழக்கில் நிற்கிறோம். அவன் எடுத்தது கைக்குட்டையில் அடங்கியது. நான் எடுத்ததை அளக்கவும் முடியவில்லை.

எல்லை என்பதை எங்கள் ஏரி எங்களுக்கு இரண்டு விதமாகக் கற்பித்தது. 2015 டிசம்பரில் நிரம்பி, மதகுகள் வழியே வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டபோது, 24 அடி என்ற எண்ணுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சென்னை நகரம் கண்டது. 2019 கோடையில் அதே ஏரி வெடித்த மண்ணாகக் கிடந்தது. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டுகளில் மிகுதியையும் வறுமையையும் பார்த்த நாங்கள், மழை பெய்ததும் இரண்டையும் மறந்துவிட்டோம். குழாயைத் திறந்தால் நீர் வருகிற வரையில் ஏரியின் ஆழம் எவருக்கும் நினைவில் வருவதில்லை. கலத்தில் காற்று இருக்கிற வரையில் மூச்சின் அருமை நினைவில் வராததைப் போலத்தான்.

பார்த்துத் திரும்புவதும் ஒரு பண்பு

அப்படியானால் கடலுக்குள் இறங்கவே வேண்டாமா? கருவிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட வேண்டுமா?

நான் அவ்வாறு எண்ணவில்லை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002ஆம் ஆண்டு முதல், இதே காற்றுக் கலத்தோடு இறங்கி, உயிருள்ள பவளக் கிளைகளைக் காரைப் பலகைகளில் கட்டி, அழிந்த இடங்களில் நட்டு வருகின்றனர். நாற்று நடும் பெண்களைப் போல, ஒவ்வொன்றாக, கையால். வான் தீவைக் காக்க 2015 முதல் கடலடியில் செயற்கைப் பாறைகளும் நிறுவப்பட்டன. மூச்சு அடக்கி இறங்குபவரால் ஒன்றரை நிமிடத்தில் அந்த வேலையைச் செய்ய இயலுமா? எல்லையை அகற்றிய அதே கருவி, எடுப்பதற்கும் நேரம் தந்தது, திருப்பிக் கொடுப்பதற்கும் நேரம் தருகிறது. கொடுப்பதா எடுப்பதா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

வேலைக்காக அன்றி வெறுமனே பார்ப்பதற்காக இறங்குபவரின் நிலை என்ன? இதிலும் பேரன் சொன்ன ஒன்று எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. கடலடியில் நல்ல பழக்கமுடையவர் மிதக்கவும் மாட்டார், மூழ்கவும் மாட்டார். இடுப்பில் கட்டிய ஈயக் குண்டுகளையும், சட்டையில் அடைத்த காற்றையும் சரியாக அளந்து, பாறைக்கு மேலே ஒரு முழ இடைவெளியில் அசையாமல் நிற்பார். மூச்சை உள்ளிழுத்தால் சற்றே உயர்வார், விட்டால் சற்றே தாழ்வார். அவ்வளவுதான் அசைவு. பழகாதவர் கைகால்களை அடிப்பார். துடுப்பு பட்டுப் பாறையின் மெல்லிய தோல் கிழியும். கிளறிய மணல் படிந்து சிற்றுயிர்கள் மூச்சுத் திணறும். "அதுதான் நன்னா எல்லாவற்றிலும் கடினம். ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்றான்.

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பின்பே உள்ளே செல்ல வேண்டும் என்றும், சென்ற பின்பு கண்ணையும் கையையும் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் நம் மார்க்கம் கற்பிக்கிறது. தடுப்பார் இல்லாத இடத்தில் தன்னைத் தானே தாங்கி நிற்கும் அந்த ஒரு முழ இடைவெளி இருக்கிறதே, அது இதே ஒழுக்கத்தின் கடல் வடிவம் என்று எனக்குப் பட்டது. பாட்டனார் நெஞ்சில் சுமந்த எல்லை உடல் வைத்தது. அதில் அவருக்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. பேரன் நெஞ்சில் சுமக்க வேண்டிய எல்லை அவனே வைத்துக்கொள்ள வேண்டியது. ஆகையால் அவன் பாடு பாட்டனாரின் பாட்டைவிடக் கடினமானது. ஏழு மீட்டர் ஆழத்தில் அவன் அதைக் கற்றுக்கொண்டான். திரும்பும் வேளையில், மணலில் கிடந்த ஒன்றைக் கண்டபோது, ஒரு கணம் தவறவிட்டான். நாமோ கரையில் ஒவ்வொரு நாளும் தவறவிடுகிறோம்.

ஒப்படைப்பு

அந்தத் துண்டு மூன்று நாள் என் மேசைமேல் இருந்தது. உலகப் பொருள்கள் நமக்கு அமானத்தாகத் தரப்பட்டவை என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அமானத் என்றால் ஒருநாள் திருப்பிக் கேட்பார்கள் என்று பொருள். யாரும் கேட்பதற்கு முன் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு என்பதே எங்களுக்கு விளங்கவில்லை. எடுத்த கடல் வெகு தொலைவில் இருக்கிறது. ஏரியில் போட்டுவிடலாம் என்றாள் என் மகள். நன்னீர் ஏரியில் கடலின் பொருளைப் போடுவது கொடுத்ததாகாது, கையைக் கழுவிக்கொண்டதாகத்தான் ஆகும்.

நான்காம் நாள் அவனே வந்து, வனத்துறை அலுவலகத்தில் உண்மையைச் சொல்லி ஒப்படைத்துவிடப் போவதாகக் கூறினான். முகத்தில் அச்சம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட்டால் என்ன செய்வது, வேலைக்கு இடையூறு வருமோ என்றெல்லாம் எண்ணியிருப்பான். எனக்கும் அந்த அச்சம் இல்லாமலில்லை. பேசாமல் அலமாரியில் வைத்துவிடு என்று சொல்ல நாக்கு ஒருமுறை எழுந்ததையும் மறைக்கமாட்டேன். அதைச் சொல்லியிருந்தால், இவ்வளவு எழுதிய கட்டுரையை நானே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

"திங்கட்கிழமை போவோம். நானும் வருகிறேன்" என்றேன்.

"நீங்கள் எதற்கு, நன்னா?"

"இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும்" என்றேன்.